'ஸலஃப்': முந்திச் சென்றோர்

முன்னோரைக் குறிக்க நம் மார்க்க நூல்களில் இரு அரபுச் சொற்கள் பயின்று வருகின்றன. ஒன்று 'ஆபாஃ', மற்றொன்று 'ஸலஃப்'. தமிழில் இரண்டையும் 'முன்னோர்' என்றே பெயர்த்துவிடுகிறோம். அதனால் நுட்பமான ஒரு வேறுபாடு மறைந்துபோகிறது.

'ஆபாஃ' என்பது தந்தையர், இரத்தவழி உறவு. தந்தையர் சென்ற வழியிலேயே செல்வோம் என்று வாதிட்டோரைத் திருமறை (2:170) கண்டிக்கிறது. ஆயினும், தம் தந்தையரான இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் (அலை) ஆகியோரின் மார்க்கத்தைப் பின்பற்றுவதாக யூசுஃப் நபி (அலை) அவர்கள் சிறையில் கூறுமிடத்திலும் (12:38) அதே சொல்தான் வருகிறது.

'ஸலஃப்' அவ்வாறன்று. அதன் வேர்ப்பொருள் முந்துதல். மதீனாவாசிகள் பேரீச்சங்கனிக்கு ஈராண்டு, மூவாண்டு முன்னரே பணம் கொடுத்துவந்த வணிகமும் இவ்வேரிலிருந்தே பெயர் பெற்றது. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருத்தல் வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அதனை ஒழுங்குபடுத்தினார்கள். தமிழிலும் 'முன்' என்ற ஒரே அடியிலிருந்து முன்னோரும் முன்பணமும் பிறந்திருப்பதை எண்ணி வியக்கிறோம்.

முந்திச் சென்றோர் எல்லாரும் நல்லோர் அல்லர். மூழ்கடிக்கப்பட்ட ஃபிர்அவ்னின் கூட்டத்தாரையும் திருமறை (43:56) 'ஸலஃப்' என்றே கூறுகிறது. ஆகவேதான் நம் அறிஞர் பெருமக்கள் 'ஸாலிஹ்' என்ற அடைமொழியைச் சேர்த்து, 'ஸலஃபுஸ் ஸாலிஹ்' என்று முதல் மூன்று தலைமுறையினரைக் குறித்தனர். அவர்தம் வழியைச் சார்ந்தவர் என்ற பொருளில் 'ஸலஃபி' என்னும் பெயரை, கி.பி. 1166இல் மறைந்த இமாம் ஸம்ஆனீ தம் 'அல்அன்ஸாப்' நூலில் பதிந்துள்ளார். (அலெக்ஸாந்திரியாவில் 1180இல் மறைந்த ஹதீஸ் கலை வல்லுநர் அபூதாஹிர் 'ஸிலஃபீ' ஆவார். அது உதடு பிளந்திருந்த ஒரு பாட்டனாரின் பட்டப்பெயரால் வந்தது. எழுத்து ஒன்றாயிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.)

இன்று அச்சொல் ஒரு சாராருக்குப் பெருமை, மறு சாராருக்கு ஏசல். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர்கள் பள்ளிவாசலின் படியிறங்கியதும் அதைச் சொல்லிப் பிரிவதைக் கண்டு வருந்துகிறோம். ஜனாஸாவில் ஓதப்படும் ஒரு துஆவையேனும் அவர்கள் பொருளறிந்து கேட்டிருக்கலாம்.

குழந்தை இறந்தால் ஷாஃபிஈ மத்ஹபினர் ஓதும் துஆவில், அக்குழந்தையைப் பெற்றோருக்கு 'ஃபரத்'தாகவும் 'ஸலஃப்'பாகவும் ஆக்குமாறு இறைஞ்சுகிறோம். 'ஃபரத்' என்பவர், பயணக் கூட்டத்துக்கு முன்னதாகச் சென்று நீர்நிலையைச் சீராக்கி வைப்பவர். பத்து நாள் வாழ்ந்த பிள்ளையும் தன்னைப் பெற்றவர்க்கு ஸலஃப் ஆகிறது! 'மூதாதை' என்று இங்கே பெயர்த்தால் பொருந்துமா?

மதீனாவின் கபுருகளைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அங்கே அடங்கியிருப்போரை 'எங்கள் ஸலஃப்' என்று விளித்து ஸலாம் கூறியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. நம் மையவாடியின் வாயிலில் நின்று அந்த ஸலாமை நாம் கூறும்போது, பாட்டனாரும் அவரருகே சிறு கபுரில் கிடக்கும் அவர்தம் பேரப்பிள்ளையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றனர்.