மலைக்காற்றும் மூச்சு இயந்திரமும்

கேமரன் மலை என்றதும் நம் மக்கள் சொல்லும் முதல் வார்த்தை "நல்ல காற்று". தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை ஆழ இழுத்துப் பார்க்காத பயணிகள் குறைவு. வெள்ளைக்காரர்களும் இதே எண்ணத்தோடுதான் இந்த மலையைத் திறந்தார்கள். 1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தைப் பற்றி எழுதி வைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, வெயிலில் வாடும் அதிகாரிகள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் இது என்று முடிவு கட்டினார். 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழிக்கவும் சரிவில் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் தமிழர்கள் மலையேறினார்கள்.

துரைக்கு உடம்பு தேறுவதற்கு என்று பெயர் வாங்கிய காற்று, தொழிலாளியின் நெஞ்சுக்கு என்ன செய்தது? தோட்டத்து லயன் வீட்டில் விறகு அடுப்பு. குளிருக்குக் கதவும் சன்னலும் அடைப்பு. புகை போக வழியில்லாத அந்தச் சமையலறையில் விடியற்காலையும் மாலையும் நின்ற பெண்கள், ஒரு சிகரெட்டையும் தொடாமலேயே நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளாக முடியும் என்பதை மருத்துவ உலகம் பிறகுதான் உரக்கச் சொன்னது. ஆண்களுக்குப் பீடியும் சுருட்டும் இருந்தன. காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரலில் தழும்பு தங்கியது. இப்படித் தேய்ந்த நெஞ்சோடு முதுமைக்கு வருபவருக்குத்தான், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று ஓர் இயந்திரத்தை வாங்கி மலைக்கு அனுப்புகிறார்கள். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்று அதற்குப் பெயர்.

அதை வாங்கும்முன் மலைக்காற்றின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈப்போவிலும் பிரிஞ்சாங்கிலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே கணக்கில் குறையும். நல்ல நுரையீரல் இதைச் சட்டை செய்யாது. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒன்றிரண்டு புள்ளி இறங்கும், அவ்வளவே. ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு நிலைமை வேறு. இரத்தம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறன் ஒரு கட்டம் வரை மெல்லச் சரியும், அதற்குக் கீழே செங்குத்தாக விழும். ஈப்போவில் 91 காட்டியவர் பிரிஞ்சாங்கில் 88க்கும் கீழே போய்விடலாம்.

வீட்டில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கலாம் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியதும் ஒரு மலையூர்தான் என்பது வரலாற்றில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் டென்வர் நகரம் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிரிஞ்சாங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 1960களின் நடுவில் அங்கே டாக்டர் தாமஸ் பெட்டியும் அவருடைய குழுவினரும் திரவ ஆக்சிஜன் கலத்தை நோயாளியின் தோளில் மாட்டி நடக்க வைத்தார்கள். ஆக்சிஜன் என்பது சாகக் கிடப்பவருக்குக் கட்டிலில் கொடுப்பது என்றே பலரும் நினைத்திருந்த காலம் அது.

நினைப்பை மாற்றியவை இரண்டு ஆய்வுகள். 1980இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு சாராருக்கு இரவை ஒட்டி 12 மணி நேரம் ஆக்சிஜன். மற்றவர்களுக்கு நாள் முழுவதும். அவர்கள் உண்மையில் பயன்படுத்தியது சராசரி 18 மணி நேரம். இரவில் மட்டும் பெற்றவர்களிடையே இறப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. 1981இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் அப்பட்டமானது. நாளுக்கு 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளில் 19 பேர் இறந்தார்கள். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் குழாயை மாட்டிக்கொண்டு "அப்பாடா" என்று கழற்றி வைக்கும் பழக்கத்திற்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை. அதேபோல், அளவு சற்றே குறைந்தவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தும் ஆயுள் கூடவில்லை என்று 2016இல் இன்னோர் ஆய்வு சொன்னது. இயந்திரம் தேவையா என்பதை மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்லும் விஷயம் இல்லை இது.

நாளுக்குப் பதினைந்து மணி நேரம், நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் என்றால் 1,800 லிட்டர். ஏறத்தாழ 7,000 லிட்டர் கொள்ளும் ஆளுயரத் தோம்பு நான்கு நாள்கூடத் தாங்காது. அந்த இரும்புத் தோம்பை வாரம் இருமுறை தோட்டப் பாதையில் ஏற்றி இறக்குவது யார்?

இந்தச் சுமைக்கு விடை ஒரு கல்லில் கிடைத்தது. 1756இல் சுவீடன் நாட்டு ஆக்ஸல் கிரான்ஸ்டெட், சூடுபடுத்தினால் கொதிப்பதுபோல் நுரைக்கும் ஒரு கனிமத்தைக் கண்டு, 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் ஸியோலைட் என்று பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டில் அதைத் தொழிற்சாலையிலேயே செய்யக் கற்றார்கள். அழுத்தம் கொடுத்தால் அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தத்தைத் தளர்த்தினால் விட்டுவிடும். சார்ல்ஸ் ஸ்கார்ஸ்ட்ராம் என்ற அமெரிக்கர் இரண்டு உருளைகளை மாற்றி மாற்றி இயக்கும் முறைக்கு 1960இல் காப்புரிமை பெற்றார். ஓர் உருளை பிடிக்கும்போது மற்றது கக்கும். 1970களில் இது வீட்டு இயந்திரமாகியது. 1985இல் பிரிட்டனில் மருத்துவச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைய வீட்டு இயந்திரமும் அதே இரண்டு உருளைகள்தான். வெளியே வருவது ஏறத்தாழ 93 விழுக்காடு ஆக்சிஜன்.

இந்த இயந்திரம் ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள காற்றைத்தான் வடிகட்டுகிறது. மெலிந்த காற்றை உள்ளே இழுத்தால் அதன் திறனும் மெலியும். சில வீட்டு இயந்திரங்களின் கையேட்டில் ஏறத்தாழ 1,800 மீட்டர் வரைதான் முழுத் திறன் என்று எழுதியிருக்கும். பிரிஞ்சாங் பட்டணம் அதற்குள் அடங்கும், ஆனால் நிறைய மிச்சம் வைத்து அல்ல. குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,032 மீட்டர். கோலாலம்பூர் கடையில் நன்றாக ஓடிக் காட்டியது என்பதற்காக எடுத்து வராமல், அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்பதையும் கேட்க வேண்டும். 2021 பெருந்தொற்றில் அவசரத்திற்கு வாங்கி அறையின் மூலையில் போட்ட இயந்திரம் இலவசமாகக் கிடைத்தாலும் கவனம் தேவை. ஸியோலைட்டுக்கு ஈரம் ஆகாது. ஓடாமல் கிடந்தால் பழுதாகலாம். பனிமூட்டம் வாசல்வரை வரும் ஊரில் இதைச் சொல்லவும் வேண்டுமா? வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மையை அளந்து பார்க்காமல் பயன்படுத்தக்கூடாது.

கையில் தூக்கிச் செல்லும் சிறு இயந்திரங்கள் இந்த நூற்றாண்டின் வரவு. 2005இல் அமெரிக்க விமானத்துறை முதன்முதலில் அனுமதித்த இரண்டும் நான்கரை கிலோ அளவில் இருந்தன. இவற்றில் பல, மூச்சை இழுக்கும் கணத்தில் மட்டும் ஒரு சிறு வீச்சாக ஆக்சிஜனை விடும். அதில் '2' என்று காட்டினால் நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் என்று அர்த்தமில்லை. ஒரு நிறுவனத்தின் '2' மற்றதன் '2' ஆகவும் இருக்காது. தூக்கத்தில் வாயைத் திறந்து மெல்ல மூச்சு விடுபவரின் இழுப்பை அது உணராமலும் போகலாம். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போய் வர அது உதவும். இரவுக்குப் பெரிய இயந்திரமே பாதுகாப்பு.

பெரிய இயந்திரத்திற்கு 300, 400 வாட் மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை இதே மலையில்தான் மின்சாரத்திற்காக நிற்கிறது. இருந்தும் மழையும் மண்சரிவும் வந்தால் விளக்கு அணையும் நாட்கள் உண்டு. அதற்கென்று ஒரு சிறு தோம்பு வீட்டில் இருக்க வேண்டும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி மூன்றும் குழாயிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். புகைக்கும் தாத்தா வெளியே போய்ப் புகைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள், அவர் சட்டையில் ஆக்சிஜன் தங்கியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, விரலில் மாட்டும் கருவி. 1974இல் ஜப்பானியர் தகுவோ அவோயாகி கண்டறிந்த முறை இது. மருத்துவத்தின் பெரும் கொடை, சந்தேகமில்லை. ஆனால் குளிரில் விறைத்த விரலில் அது தடுமாறும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 'நலம்' என்று சொல்லியும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. தேயிலை மலையில் வெயிலிலும் பனியிலும் கறுத்த கைகளுக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தி இல்லை.

கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் பெரிய மருத்துவமனை என்றால் நோயாளி பெரும்பாலும் பேராக்கிற்கு, ஈப்போவிற்குத்தான் இறங்குகிறார். அங்கே பரிசோதனை நடக்கிறது, எண் எழுதப்படுகிறது, "இயந்திரம் இப்போது வேண்டாம்" அல்லது "இரண்டு லிட்டர் போதும்" என்ற தீர்ப்பு வருகிறது. அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது கடல் மட்டக் காற்றில். அன்று மாலையே அவர் ஆயிரத்து நானூறு மீட்டர் ஏறித் தன் கட்டிலுக்குத் திரும்புகிறார். "டாக்டர், எங்கள் வீடு சுங்கை பாலாஸ் பக்கம், மலைமேலே" என்ற ஒரு வார்த்தையைக் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும். திரும்பி வந்தபின் தானா ராத்தா மருத்துவமனையில், கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, உட்கார்ந்தும் நடந்தும் இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.