கடமை யாருடையது? 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும் ஜெகதாப்பட்டினம் கடற்கரையும்

தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் சாதனைகளுக்கு மூன்று காரணங்களைச் சொல்வது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது: மருத்துவச் சேவையிலிருந்து பிரிந்து நிற்கும் தனி இயக்குநரகம், அதற்கென்று பயிற்சி பெற்ற பணியாளர் வரிசை, 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். முதல் இரண்டில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இக்கட்டுரை. அந்தச் சட்டத்தை இயக்குநரகத்தின் கைக்கருவியாகவே அவ்வாய்வுகள் வாசிக்கின்றன. அந்த வாசிப்பு சட்டத்தின் உடலில் பாதியைக் காணாமல் போக்கிவிடுகிறது. மாவட்டம் முழுமைக்குமான சுகாதார அமைப்பு என்றால் என்ன என்பதை இன்று நாம் தவறாக எண்ணிக்கொண்டிருப்பதற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க, புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலுள்ள மீன்பிடி ஊரான ஜெகதாப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரியில் உருவானது. அதன் உள்நாட்டுப் பகுதியில் பெரும்பங்கு, 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானம். அந்தச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் உள்ளிட்ட கரை, தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கி வட்டத்தில் இருந்தது. ஆகவே 1939ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கரைக்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்தியது. மன்னராட்சிக்கு உட்பட்ட உள்நாட்டுக்குப் பொருந்தவில்லை. இன்றைய வருவாய் மாவட்டம் ஒன்று. சுகாதார மாவட்டங்களோ புதுக்கோட்டை, அறந்தாங்கி என இரண்டு. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் அறந்தாங்கியின் கீழ் வருகின்றன. பழைய எல்லைக் கோட்டின் தடம் இதில் தெரிகிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாவட்டம் என்ற அலகே இங்கு இரண்டு விதமாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரத்துறையைக் கவனித்த காலத்தில் வந்தது அது. 1939ஆம் ஆண்டின் மூன்றாம் எண் சட்டம். குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொல்லை நீக்கல், தொற்றுநோய், தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, விடுதிகள், உணவு, திருவிழாக்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாக விரிகிறது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இதைச் செய்ய வேண்டியவர் யார்? பெரும்பாலான இடங்களில் பதில் உள்ளாட்சி அமைப்புதான். குடிநீரை எடுத்துக்கொள்வோம். தன் எல்லைக்குள் வாழ்வோருக்குப் போதிய குடிநீர் வழங்க உள்ளாட்சி ஏற்பாடு செய்யலாம். அரசு ஆணையிட்டால் செய்தே தீர வேண்டும். ஆண்டு முழுவதும் நீர் தடையில்லாமல் கிடைப்பதற்கும், அது குடிக்கத் தக்கதாக இருப்பதற்கும் இயன்றவரை வழிசெய்யும் பொறுப்பும் அதனுடையதே. அந்தப் பொறுப்பு இயக்குநரிடம் கொடுக்கப்படவில்லை.

அப்படியானால் இயக்குநரின் இடம் எது? இயக்குநரக வாசிப்பு வேகமாகத் தாண்டிச் செல்லும் பகுதி இதுதான். ஓர் உள்ளாட்சியின் சுகாதார நிர்வாகத்தை மேம்படுத்தத் தேவையான நடவடிக்கைகளை அதற்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பணமில்லாததாலோ வேறு காரணத்தாலோ உள்ளாட்சி அவற்றை நிறைவேற்ற முடியாமல் போனால், அல்லது இரு தரப்புக்கும் கருத்து வேறுபட்டால், விவகாரம் அரசுக்குப் போகும். அரசின் முடிவே இறுதி. இந்த ஏற்பாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். மருத்துவம் படித்த அதிகாரி சொல்வதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் மறுக்கக்கூடும் என்பதைச் சட்டம் எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. மறுப்பைக் குற்றமாக அது கருதவில்லை. தீர்வு காண ஒரு வழி வகுத்திருக்கிறது. வெறும் கட்டளைச் சட்டத்தில் கருத்து வேறுபாட்டுக்கு இப்படியோர் இடம் இருக்காது.

பணத்தைப் பற்றிய பிரிவு இதைவிடத் தெளிவானது. அரசு மானியம் நீங்கலான தன் வருமானத்தில் நகராட்சி 30 விழுக்காட்டுக்குக் குறையாமலும், மாவட்ட வாரியம் பன்னிரண்டரை விழுக்காட்டுக்குக் குறையாமலும் மருத்துவ உதவி உட்படப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். வரி வாங்குகிற அமைப்பு அந்த வரியில் ஒரு பங்கை மக்கள் உடல்நலத்துக்குச் செலவிட வேண்டும் என்பதே இதன் கருத்து. இயக்குநரகமே எல்லாம் என்றால், உள்ளாட்சியின் சொந்த வருமானத்தில் விழுக்காடு நிர்ணயிக்க வேண்டிய தேவை என்ன? எதிர்த்தரப்பு ஆய்வுகளில் இந்தக் கேள்விக்கு நிறைவான பதிலை நான் காணவில்லை.

சட்டத்தில் நெருக்கடிக்கால அதிகாரங்கள் இருப்பது உண்மை. கொள்ளைநோய் வந்தால் தற்காலிக சுகாதார அலுவலர்களை அரசு நியமிக்கலாம். நோய்த்தடுப்புக்குக் கடுமையான விதிகள் கொண்டுவரலாம். 2020இல் கொரோனாவின்போது முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் துப்பியவருக்கு 500 ரூபாய் என்று இதே சட்டத்தைத் திருத்தித்தான் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு அனுபவமே சட்டத்தின் முகம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. நெருக்கடிக்காக வைத்த சில பிரிவுகளைக் கொண்டு முழுச் சட்டத்தையும் அளப்பது சரியல்ல.

உள்ளாட்சியிடம் கடமையை வைத்த அந்த ஏற்பாட்டில் முறிவு ஏற்பட்டது 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தை ஒட்டி. மாவட்ட வாரியங்கள் மறைந்தன. பஞ்சாயத்து ஒன்றியங்கள் வந்தன. மாவட்ட அளவில் ஆலோசனை மன்றம் மட்டும் மிஞ்சியது. வருமானமும் கடமையும் சேர்ந்து ஒரே இடத்தில் இருந்த மாவட்ட அமைப்பு அத்தோடு போயிற்று. பணியாளர்கள் துறையின் கீழ் ஒருங்கிணைந்தனர்; குடிநீர்த் தொட்டியும் குப்பையும் ஊராட்சியிடம் தங்கின. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பதினோராவது அட்டவணையில் சுகாதாரத்தையும் துப்புரவையும் சேர்த்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மாவட்ட ஊராட்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் பழைய வாரியத்தின் எடை அதற்குத் திரும்பவில்லை.

இந்தப் பிளவு எப்படி வேலை செய்கிறது என்பதை ஜெகதாப்பட்டினத்தில் காணலாம். டெங்கு காலத்தில் வீடு வீடாகப் போய்த் தொட்டியையும் டயரையும் பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளருக்குத் தினக்கூலி உள்ளாட்சி வழியாக வருகிறது. எங்கே போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்பவர் சுகாதார ஆய்வாளர். துறைமுகத்துக்குள் போனால் பொறுப்பு மீன்வளத் துறைக்கு மாறிவிடுகிறது. ஐஸ் பெட்டியிலும் உடைந்த தெர்மாகோல் பெட்டியிலும் கரையேற்றிய படகின் அடித்தட்டிலும் தேங்கும் நீர் இந்த மூவரில் யார் கணக்கில் வரும்?

இன்னொன்று நாட்காட்டி. இங்குள்ள விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். மாநிலமெங்கும் போல இங்கும் தடுப்பூசி நாள் புதன். தாய்மார்களுக்கு அது இடைஞ்சலாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வீட்டு வாசலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. பகலில் வரும் பணியாளர் கதவைத் தட்டும் நேரத்தில் படகுத் தொழிலாளி ஒன்று கடலில் இருப்பார், இல்லையென்றால் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு உறங்கிக்கொண்டிருப்பார். அதே வேளையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொரு விசைப்படகுத் தொழிலாளியையும் பரிசோதிக்க இதைவிட நல்ல காலம் வாய்க்காது. அந்த நாட்களை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். திட்டத்தின் நாட்காட்டியை வகுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

என் வாசிப்புக்கு எதிரான வலுவான வாதம் சாதி. உள்ளாட்சியிடம் அதிகாரம் கொடுத்தால் ஊரின் ஆதிக்கச் சாதியிடம் கொடுத்ததாகும் என்பார்கள். இதே மாவட்டத்தின் வேங்கைவயலை அவர்கள் சுட்டுவது நியாயமே. 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குப் போனார்கள். நீரில் கோளாறு இருக்கலாம் என்ற ஐயம் அங்கே எழுந்தது. ஊர்க்காரர்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. இக்கொடுமையைச் சிறிதும் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் நிகழ்ந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நோய் தெரிந்தது மருத்துவத்தின் பக்கம்; தொட்டி இருந்தது ஊராட்சியின் பக்கம்; இரண்டையும் இணைத்தவர்கள் பாதிக்கப்பட்ட மக்கள். குடிநீரைச் சோதிப்பவரும் நோயைப் பதிவு செய்பவரும் ஒரே அவையில், பட்டியல் சாதி உறுப்பினர்களுக்கும் உரிய இடத்தோடு, பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தால் குழந்தைகள் படுக்கையில் விழுவதற்கு முன்பே தொட்டியின் மூடி திறக்கப்பட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பையாவது அது உண்டாக்கியிருக்கும்.

ஊராட்சிகளுக்குத் தொழில்நுட்பத் திறன் இல்லை என்ற வாதத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. திறனைத் துறை தரட்டும் என்றுதான் 1939ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்பாடு செய்தது. மாநிலத்தின் எண்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்பது மற்றொரு வாதம். 2018-20 மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார் இறப்பு, தமிழ்நாட்டில் 54. பெருமைப்பட வேண்டியதே. ஆனால் அந்த மாதிரிக் கணக்கெடுப்பு மாநிலத்துக்குக் கீழே இறங்குவதில்லை. மணமேல்குடி ஒன்றியத்தைப் பற்றி அது வாய் திறக்காது.

2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோய், 2019 டிசம்பரில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளில் நடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்த மாவட்டத்தைச் சூறையாடியபோது ஊராட்சிகளில் தனி அலுவலர்களே இருந்தார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள் அரும்பாடுபட்டார்கள். எந்தத் தெருவில் முதலில் குளோரின் போட வேண்டும், எந்தக் கிணற்றை மூட வேண்டும் என்று ஊர் சார்பில் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட குரல் இல்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகள் போயின. சட்டம் யாரிடம் கடமையை வைத்ததோ அந்த அவையே அடிக்கடி காலியாகிவிடுகிறது. இயக்குநரகத்தை மையமாக்கும் ஆய்வுகளுக்கு இந்த இடைவெளி கண்ணில் படுவதே இல்லை.

பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு 70,051 கோடி ரூபாயைச் சுகாதாரத்துக்கென உள்ளாட்சிகள் வழியாக ஒதுக்கியபோது, மாவட்ட வாரியத்தின் பன்னிரண்டரை விழுக்காட்டில் இருந்த கொள்கை வேறு உருவில் திரும்பியது. திரும்பியது பணம் மட்டும். அதைப் பற்றி வாதிடும் அவை இன்னும் வரவில்லை. அறந்தாங்கி சுகாதார மாவட்டத்துக்கென்று ஒன்றியக் குழுத் தலைவர்கள், கடலோர ஊராட்சித் தலைவர்கள், மீன்வளத் துறை, சுகாதார அலுவலர்கள் ஆகியோரைக் கொண்ட சட்டப்பூர்வ மன்றம் ஒன்றை அமைக்க வேண்டும். அலுவலர் பரிந்துரைக்கட்டும்; மன்றம் ஏற்கட்டும் அல்லது மறுக்கட்டும்; உடன்பாடு இல்லையென்றால் காரணத்தை எழுதி அரசுக்கு அனுப்பட்டும். இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. அதன் முதல் கூட்டத்தின் முதல் பொருளாக, அடுத்த தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கான பரிசோதனையை எந்த வாரத்தில், துறைமுகத்தின் எந்தக் கொட்டகையில், யார் செலவில் நடத்துவது என்பதை எடுத்துக்கொள்ளலாம்.