நிகழ்வெல்லை

கருந்துளையைச் சூழ்ந்துள்ள, உள்ளே சென்ற எதுவும், ஒளி உட்பட, மீண்டும் வெளியேற முடியாத எல்லை நிகழ்வெல்லை எனப்படும். இது பொருளால் ஆன மேற்பரப்பு அன்று. அங்கே சுவரோ ஓடோ இல்லை. காலவெளியின் வளைவு வகுத்த எல்லை மட்டுமே உண்டு. கருந்துளை அருகிலுள்ள அனைத்தையும் உறிஞ்சிவிடும் என்ற பரவலான எண்ணம் தவறானது. சூரியன் இருக்குமிடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்று இருந்தாலும் பூமி இன்றைய பாதையிலேயே சுற்றிவரும்.

1916இல் வெளியான கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டின் தீர்விலிருந்து இந்த எல்லையின் அளவு கிடைக்கிறது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கான அந்தத் தீர்வை அவர் முதல் உலகப்போரில் படைப்பணியில் இருந்தபோதே கண்டார். அதே ஆண்டில் இறந்தும் போனார். சுழலாத கருந்துளையின் ஆரம் அதன் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்: சூரியனின் நிறைக்கு ஏறத்தாழ 3 கி.மீ., பூமியின் நிறைக்கு 9 மி.மீ. சுழலும் கருந்துளைகளுக்கான தீர்வை ராய் கெர் 1963இல் தந்தார்.

ஆரம் நிறையோடு சேர்ந்து வளர்வதால் வியப்பான விளைவு ஒன்று உண்டு. எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளைக்கு 650 கோடி சூரியன்களின் நிறை. அதன் ஆரம் சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் இடையிலான தொலைவைப் போல் நான்கு மடங்கு. அந்த நிறையை அவ்வளவு பெரிய கோளத்தின் கனஅளவால் வகுத்தால், சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் குறைவு! பத்துச் சூரிய நிறையுள்ள கருந்துளையை நெருங்கும் மனிதர் எல்லையை எட்டுமுன்பே ஓதவிசையால், அதாவது உடலின் இரு முனைகளிலும் ஈர்ப்பு வேறுபடுவதால், கிழிபடுவார். எம்87இன் எல்லையையோ உடல் உணராமலே கடந்துவிடலாம்.

தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காட்சி வேறு. விழுபவரின் கடிகாரம் மெல்ல மெல்லத் தாமதிப்பதாகவும், அவரிடமிருந்து வரும் ஒளி சிவந்து மங்கி மறைவதாகவும் தோன்றும். அவர் எல்லையைக் கடக்கும் கணத்தை வெளியிலிருப்பவர் ஒருபோதும் காண்பதில்லை. நிகழ்வெல்லை ஒருவழிப் பாதை என்பதை 1958இல் டேவிட் ஃபிங்கல்ஸ்டைன் தெளிவாக்கினார்.

இத்தகைய பொருள்கள் உருவாக முடியுமா என்பதே நெடுங்காலம் ஐயமாக இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் எச்சங்களான வெண்குறுமீன்கள் ஏறத்தாழ 1.4 சூரிய நிறைக்கு மேல் நிலைத்திருக்க முடியாது என்று கணித்தார். வானியலாளர் எடிங்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். கணக்கு சந்திரசேகர் பக்கமே இருந்தது. 1939இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் விண்மீன் ஒன்று தன் ஈர்ப்பிலேயே சரிந்து எல்லைக்குள் மறைவதைக் கணக்கிட்டுக் காட்டினர்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 படத்தில் ஒளி வளையத்தின் நடுவே தெரியும் இருள் நிகழ்வெல்லை என்றே பலர் எண்ணுகின்றனர். அது கருந்துளையின் நிழல். ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் எல்லையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரிகிறது. 2015இல் பதிவான ஈர்ப்பலைகள் கருந்துளைகளுக்கு இன்னொரு சான்று. 36, 29 சூரிய நிறைகள் கொண்ட இரு கருந்துளைகள் இணைந்து 62 சூரிய நிறையுள்ள ஒன்றாயின. எஞ்சிய மூன்று சூரிய நிறை அலைகளாக வெளியேறியது.

நிகழ்வெல்லையின் பரப்பு ஒருபோதும் குறையாது என்று ஸ்டீவன் ஹாக்கிங் 1971இல் நிறுவினார். ஆனால் குவாண்டம் விளைவுகளைச் சேர்த்தபோது, கருந்துளை மிக மெல்லிய வெப்பக் கதிர்வீச்சை உமிழ்ந்து சுருங்கும் என்று 1974இல் அவரே காட்டினார். சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அண்டப் பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின். ஆகவே விண்மீன் நிறையோ அதற்கு மேலோ உள்ள கருந்துளைகள் இன்று இழப்பதைவிட அதிக ஆற்றலைப் பெறுகின்றன.