கலைந்தது கழகம், நிலைத்தது கோப்பை: கல்கத்தா ரக்பி கிளப்பின் கதை

ஆண்டுதோறும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ரக்பி ஆட்டத்தில் மோதுகின்றன. வெல்லும் அணிக்குரிய பரிசின் பெயர் 'கல்கத்தா கோப்பை'. நாடுகளுக்கு இடையிலான ரக்பிப் போட்டிகளின் கோப்பைகளில் இதுவே மிகப் பழையது. பிரிட்டனில் நடக்கும் ஆட்டத்துக்கு வங்காளத்து நகரின் பெயர் எப்படி வந்தது? ஐந்தே ஆண்டுகள் இயங்கிய ஓர் அமெச்சூர் கழகம் விட்டுச் சென்ற பெயர் அது.

ரக்பி நம் ஊர்களில் அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். குளிரும் ஈரத் தரையும் உள்ள ஊரில் பிறந்த ஆட்டம் என்பது பார்த்தாலே தெரியும்.

1872 டிசம்பர் 25 அன்று கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷார் இதை ஆடினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் சேர்ந்த அணி. அணிக்கு 20 பேர். ஆட்டம் பிடித்துப்போக, ஒரு வாரத்தில் மீண்டும் ஆடினார்கள். 1873 ஜனவரியில் 'கல்கத்தா ஃபுட்பால் கிளப்' உருவானது. பெயரில் ஃபுட்பால் என்று இருந்தாலும் ஆடியது ரக்பிதான். முதல் ஆண்டிலேயே 137 பேர் உறுப்பினரானார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ரக்பி யூனியனில் கழகம் இணைந்தது. ஆட்டக்காரர்கள் அனைவரும் படையினரும் வணிகரும் அதிகாரிகளுமான வெள்ளையர்களே.

இந்த வேகமான வளர்ச்சிக்கு ஆட்டத்தின் மீதான ஆசை மட்டும் காரணமல்ல. உறுப்பினர்களுக்குக் கழகத்தில் மதுபானம் இலவசம்! செலவு தாங்காமல் அந்த வசதியை நிறுத்தியதும் கூட்டம் குறைந்தது. ரக்பி ஆடிய படைப்பிரிவு ஊரைவிட்டு மாற்றலாகிப் போனது இன்னோர் அடி. எஞ்சியவர்களும் வங்காளத்து வெயிலில் ஒருவரையொருவர் தள்ளி விழுத்துவதைவிட டென்னிஸும் போலோவும் மேல் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 1877 முடிவதற்குள் ஆட ஆள் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது.

எளிதாக ஒரு விருந்து வைத்துத் தீர்த்திருக்கலாம். அப்போது கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் ஜேம்ஸ் ராத்னி என்ற ஒருவரே. பொதுப் பணம் பொது நோக்கத்துக்கே போகவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பணத்தில் ஒரு கோப்பை செய்து தருவதாக 1877 டிசம்பரில் ரக்பி யூனியனுக்குக் கடிதம் எழுதினார். கணக்கை முடித்து வெள்ளி ரூபாய்களாகவே எடுத்து, உருக்கினார்கள். மொத்தம் 270 நாணயங்கள். அன்றைய ரூபாய் ஒன்றின் எடை ஏறக்குறைய 11.66 கிராம், அப்படியானால் உருக்கியது மூன்று கிலோவுக்கும் சற்று அதிகம். இந்தியக் கைவினைஞர்களின் வேலைப்பாட்டில் உருவான கோப்பை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரம். மூன்று கைப்பிடிகளும் மூன்று நாகங்கள்; மூடியின் மேல் ஒரு யானை.

அதே 1876-78 காலத்தில்தான் நம் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. ஆளவந்தவர்களின் பொழுதுபோக்குக் கணக்கில் மிஞ்சிய ரூபாய் இது என்பதையும் மறக்காமல்தான் இந்தக் கோப்பையை நாம் பார்க்கவேண்டும்.

ராத்னிக்கு இன்னொரு விருப்பமும் இருந்தது. இங்கிலாந்தின் கழகங்கள் ஆண்டுதோறும் இந்தக் கோப்பைக்காக மோதவேண்டும், கால்பந்தில் எஃப்.ஏ. கோப்பை இருப்பதைப் போல. ரக்பி யூனியன் அதை ஏற்கவில்லை. கோப்பையை இங்கிலாந்து-ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு ஒதுக்கியது. பணத்துக்கும் பரிசுக்கும் ஆடுவதை அந்நாளைய ரக்பித் தலைவர்கள் சந்தேகத்தோடு பார்த்தவர்கள். ஆட்டக்காரர் ஊதியம் பெறலாம் என்று ரக்பி உலகம் ஒப்புக்கொண்டதே 1995-ல்தான். ராத்னி கேட்ட வகையிலான கழகப் போட்டி இங்கிலாந்தில் தொடங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோப்பைக்கான முதல் ஆட்டம் 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில் நடந்து சமனில் முடிந்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் இங்கிலாந்து வென்றது. பிறகு உலகப் போர்க் காலம் போன்ற இடைவெளிகள் தவிர, ஆட்டம் தொடர்கிறது.

1988-ல் இரு அணியிலிருந்தும் ஆளுக்கொரு வீரர், ஆட்டம் முடிந்த இரவில் குடிபோதையில் கோப்பையை எடின்பரோ தெருக்களுக்குத் தூக்கிச் சென்று நசுக்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்து வீரருக்குப் பல மாதத் தடை விதிக்கப்பட்டது; இங்கிலாந்து வீரரோ மிகக் குறுகிய தடையோடு தப்பினார். இது நியாயமா என்ற பேச்சு ரக்பி ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. கோப்பை சீர்செய்யப்பட்டது. நலிந்துபோன அசல், லண்டன் டுவிக்கன்ஹாம் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இரு நாடுகளும் நகல்கள் வைத்திருக்கின்றன.

கல்கத்தாவில் ரக்பி 1884-லேயே மீண்டும் தலைதூக்கியது. பழைய கழகத்தின் பெயரும் மரபும் இன்று கல்கத்தா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப்பில் தொடர்கின்றன. 2004-ல் அந்நகரில் தொடங்கிய 'ஜங்கிள் குரோஸ்' கழகம் ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வந்து ரக்பி கற்றுத் தருகிறது.