பெரிய கோவில் விமானமும் மலையளந்த கணிதமும்

ஆலயத்துள் நுழையுமுன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்புவது நம் மரபு. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பர் பெரியோர். அவ்வாறு மேல்நோக்கும் பார்வை, கிடைக்கோட்டுடன் ஒரு கோணத்தை உண்டாக்குகிறது. கணித நூலார் அதனை ஏற்றக்கோணம் என்பர். மலை முகட்டில் நின்று கீழே நோக்குங்கால் உண்டாவது இறக்கக்கோணம். இவ்விரு கோணங்களைக் கொண்டு உயரமும் தொலைவும் காணும் கலை, முன்னொரு காலத்தில் தமிழகத்துத் திருக்கோவில் ஒன்றின் மீதே ஏற முயன்றது. அவ்வரலாற்றை இத்திருவிழா மலரின் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின், இடைநிலைப்பள்ளியில் இப்பாடம் எனக்கு மலாய்மொழியில் எதிர்ப்பட்டது. ஏற்றக்கோணத்துக்கு 'சூடுட் டொங்காக்கான்' என்றும், இறக்கக்கோணத்துக்குச் 'சூடுட் துண்டுக்' என்றும் பெயர். டொங்காக் என்றால் அண்ணாந்து பார்த்தல். துண்டுக் என்றால் தலை தாழ்த்துதல். சொற்பொருள் விளங்காமையால் இரண்டையும் மாற்றி எழுதி முதல் தேர்விலேயே தோற்றேன். கோபுரத்தை நோக்குவதும் சந்நிதியில் தலைவணங்குவதுமாகிய நம் அன்றாடச் செயல்களே அவை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

கணக்கின் அடிப்படை எளியது. முதலாம் இராசராச சோழன் கி.பி. 1010இல் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. சமதரையில் அதன் உச்சி 45 பாகை ஏற்றக்கோணத்தில் தெரியும் இடத்திலிருந்து, உச்சிக்கு நேர்கீழேயுள்ள புள்ளி வரை 216 அடி. கோணம் 30 பாகையாயின் அத்தொலைவு ஏறத்தாழ 374 அடி. ஆகவே தொலைவும் கோணமும் தெரிந்தால் ஏறாமலே உயரம் அறியலாம்.

மலையின் உள்ளே புகுந்து உச்சிக்கு நேர்கீழான புள்ளியை அடைய இயலாதே எனலாம். அதற்கும் வழியுண்டு. 30 பாகையில் உச்சி தெரியும் இடத்திலிருந்து மலையை நோக்கிச் சமதரையில் 100 மீட்டர் நடந்தபின் கோணம் 45 பாகையானால், மலையின் உயரம் ஏறத்தாழ 137 மீட்டர். நடந்தளந்த அந்த 100 மீட்டரே கணக்குக்கு உயிர். கோணங்கள் வடிவத்தை மட்டுமே காட்டும்; அளவைத் தருவது தரையில் அளந்த அடிக்கோடே.

இக்கலையில் பாரதத்தின் பங்கும் பெரிது. கி.பி. 499இல் எழுந்த ஆரியபட்டீயம் கோணத்திற்குரிய 'ஜ்யா' அளவுகளைத் தருகிறது. அச்சொல்லே அரபு, இலத்தீன் மொழிகளின் வழியே உருமாறி இன்று 'சைன்' என வழங்குகிறது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். 100 அடிச் சங்கிலி. பணி முடிய 57 நாள்கள் சென்றன. அந்த ஒரு கோட்டின் மீது முக்கோணத்தை எழுப்பி, அதன் பக்கத்தின் மீது மற்றொன்றை எழுப்பி நாட்டையே அளக்க முற்பட்டார். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆதலால் உயர்ந்த கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மீது அக்கருவியைக் கயிறு கட்டி ஏற்றினர். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தகடு வளைந்தது. லாம்ப்டன் மனந்தளராது கூடாரத்துள் தங்கி, ஆறு வாரம் உழைத்து அதனை நேராக்கினார். அளவை தொடர்ந்தது.

அவர் தொடங்கிய பணி, அவருக்குப் பின் இமயம்வரை சென்றது. நூறு மைலுக்கும் அப்பாலிருந்து எடுத்த ஏற்றக்கோணங்களைக் கொண்டு பதினைந்தாம் சிகரத்தின் உயரம் கணிக்கப்பட்டது. அக்கணக்கீட்டில் வங்காளத்து ராதாநாத் சிக்தார் பெரும்பங்கு ஆற்றினார். 1856இல் வெளியிடப்பட்ட உயரம் 29,002 அடி. 2020இல் அறிவிக்கப்பட்ட 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி, அதனினும் 30 அடியே மிகுதி. அச்சிகரமே எவரெஸ்ட்.

நம் மலைநாடும் அளவையாளர் ஒருவரின் பெயரையே தாங்குகிறது. 1885இல் வில்லியம் கேமரன் இப்பீடபூமியைக் கண்டு அறிவித்தார். ஆயினும் அதன் இடம் வரைபடத்தில் சரிவரக் குறிக்கப்படவில்லை. குறியாத இடத்தைப் பிறர் எளிதில் காண்பதெங்ஙனம்? பின்னாளில் தீபகற்ப மலேசியாவின் வரைபடங்களுக்கு மூலமாக அமைந்த 'கெர்த்தாவ் 1948' என்னும் அளவை முறைமை, நம் பகாங் மாநிலத்துக் கெர்த்தாவின் பெயரையே கொண்டது. இன்று துணைக்கோள்கள் அப்பணியை ஏற்றுள்ளன; ஆயினும் அவற்றின் கணக்கிலும் கோணமும் தொலைவும் உள்ளன.

ஏட்டில் லாம்ப்டன் பெயர் உண்டு. கேமரன் பெயர் உண்டு. அரை டன் கருவியைத் தோளில் சுமந்தோர், விமானத்தடியில் கயிறு இழுத்தோர் பெயர்களை நாம் அறியோம். தமிழகத்திலிருந்து வந்து, இம்மலைச் சரிவுகளில் காடழித்துத் தேயிலை நட்டுக் கொழுந்து கிள்ளிய நம் முன்னோரின் பெயர்களும் அவ்வாறே. அவர்கள் தரையில் இட்ட அடிக்கோட்டின் மீதே நம் தலைமுறையின் உயரம் எழுந்துள்ளது.

ஆதலின் பெற்றோரை அன்போடு வேண்டுகிறேன். திருவிழா நாளில் பிள்ளைகளை அழைத்து வரும்போது, கோபுரத்தின் முன் சற்றே நிறுத்துங்கள். "நீ நிற்கும் இடத்திலிருந்து இதன் உயரத்தைக் கண்டு சொல்" என்று கேளுங்கள். கணிதம் அயலாருடையது என்னும் அச்சம் அவ்வினாவிலேயே அகலத் தொடங்கும். அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு முன்பே உண்டு. அளந்து பார்க்கும் பழக்கமும் உடன் சேரட்டும். எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.