ராண்டேவூ வித் ராமா (நாவல்)

'ராண்டேவூ வித் ராமா', இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எழுதி 1973-இல் வெளிவந்த அறிவியல் புனைகதை நாவல். 22-ஆம் நூற்றாண்டில் சூரியக் குடும்பத்துக்குள் நுழையும் ராமா என்னும் மாபெரும் உருளைக்கலத்துக்குள் மனிதர்கள் புகுந்து ஆராய்வதே கதை. அதைக் கட்டியவர் யார், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியாது. விண்வெளிச் சாகசமும் துப்பறியும் கதையும் ஒன்றாக முடையப்பட்ட நூல்களில் இதற்கே முதலிடம். பிணமும் இல்லை, கொலையாளியும் இல்லை. தடயங்கள் மட்டும் ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கின்றன.

ஆசிரியர்

கிளார்க் 1917 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் ரேடார் பிரிவில் பணியாற்றினார். நாவலில் ராமாவை முதலில் பிடிப்பதும் ரேடார்தான். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தி உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் அவர் எழுதிய கட்டுரை, இன்றைய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு முன்னோடி.

1956-இல் அவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கடலடி நீச்சல் மீதிருந்த மோகமே முதன்மைக் காரணம். அதே ஆண்டு திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் நண்பர் மைக் வில்சனுடன் மூழ்கியபோது, போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசுவரர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார். இராவணன் வெட்டு என்று மக்கள் காட்டும் பாறைப் பிளவும் அங்கேதான் உள்ளது. அந்த அனுபவம் 1957-இல் 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' என்ற நூலில் இடம்பெற்றது. பழங்காலக் கட்டடம் ஒன்றின் சிதைவுகளிடையே புகுந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை ராமாவை எழுதுவதற்கு முன்பே அவர் உடம்பால் அறிந்திருந்தார். நாவலும் இலங்கைக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

பெயர் வந்த வழி

நாவலின்படி, 2077 செப்டம்பர் 11 அன்று வடக்கு இத்தாலியில் ஒரு விண்கல் விழுகிறது. பதுவா, வெரோனா ஆகிய நகரங்கள் அழிகின்றன. வெனிஸ் கடலுக்குள் போகிறது. 6 லட்சம் பேர் மடிகிறார்கள். இனி இப்படி ஒன்று நேரக்கூடாது என்று மனிதகுலம் 'ஸ்பேஸ்கார்ட்' என்னும் கண்காணிப்பு அமைப்பை நிறுவுகிறது. அது 2131-இல் வியாழனின் பாதைக்கு அப்பால் ஒரு பொருளைக் கண்டுபிடித்து, 31/439 என்று எண்ணிட்டுப் பட்டியலில் சேர்க்கிறது.

எண்ணுக்குப் பிறகு பெயர். அதற்குள் கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள் எல்லாம் தீர்ந்துபோய், வானியலாளர்கள் இந்துத் தெய்வங்களின் பட்டியலைக் கையில் எடுத்திருக்கிறார்கள். வரிசையில் அடுத்து நின்றது ராமா. அதைப் படமெடுக்கச் செவ்வாயின் துணைக்கோளான போபோஸிலிருந்து ஏவப்பட்ட ஆய்வுக்கலத்துக்குச் சீதா என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இராமாயணத்தோடு கதைக்குள்ள உறவு இத்தோடு முடிகிறது. கிளார்க்கின் இந்த ஊகம் நடைமுறைக்குத் தொலைவானதும் அல்ல: வெள்ளிக் கோளின் பீடபூமி ஒன்று இன்று லட்சுமியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 4923 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்குக் கிளார்க்கின் பெயரே சூட்டப்பட்டது.

பெயரைவிட வானியலாளர்களை உலுக்கியது சுழற்சி வேகம். ராமா தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மெய்யான வானியலில், சில நூறு மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்கள் சுமார் 2 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிப்பது அரிது. அதைவிட வேகமாகச் சுழன்றால் தளர்வாகச் சேர்ந்திருக்கும் கற்கள் சிதறிவிடும். பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்று 4 நிமிடத்தில் சுழல்கிறது என்றால் அது கற்குவியலாக இருக்க முடியாது. துப்பறிதல் இந்த முதல் தடயத்தில் தொடங்குகிறது. சீதா அனுப்பிய படங்கள் விடையைச் சொல்கின்றன: கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுத்ததுபோன்ற வழவழப்பான உருளை, நீளம் 50 கிலோமீட்டர், விட்டம் 20 கிலோமீட்டர்.

கதை

ராமா சூரியனைச் சுற்றிவிட்டு மீண்டும் வெளியேறுவதற்குள் அதை எட்டக்கூடிய நிலையில் இருப்பது 'எண்டெவர்' என்ற ஒரே கலம். அதன் தளபதி பில் நார்ட்டன், கடலோடி ஜேம்ஸ் குக்கின் பக்தர். குக்கின் கப்பலுக்கும் இதே பெயர்தான். கிடைத்திருப்பது சில வாரங்கள். நார்ட்டனின் குழு ராமாவின் வட முனையில் இறங்கி, மூன்று கதவறைகளைத் திறந்து, கும்மிருட்டுக்குள் நுழைகிறது.

இருட்டும் குளிரும் உறைந்த கடலுமாக இருந்த உலகம், சூரியனை நெருங்க நெருங்க விழிக்கிறது. ஆறு நீண்ட பள்ளத்தாக்குகளிலிருந்து திடீரென்று வெளிச்சம் பாய்கிறது. கடல் உருகுகிறது. இதற்கிடையில் ராமாவைப் பற்றி விவாதிக்கச் சந்திரனில் கூடும் குழுவில் ஆளுக்கொரு கருத்து. தலைவர் போஸ், வேற்றுலக உயிரியல் வல்லுநர் கார்லைல் பெரேரா. இருவர் பெயரிலும் தெற்காசியா தெரிகிறது. கடல் உருகினால் உள்ளே சூறாவளி எழும் என்று பெரேரா முன்கூட்டியே கணித்து எச்சரிக்கிறார்; அப்படியே நடக்கிறது.

ஜிம்மி பாக் என்ற இளம் அதிகாரி 'டிராகன்ஃப்ளை' என்னும் மிதிவண்டி விமானத்தில் கடலைத் தாண்டித் தென்முனைக்குப் பறக்கிறான். அங்கே கூம்புகளிலிருந்து கிளம்பும் மின்வெட்டில் சிக்கி விழுகிறான். உடைந்த விமானத்தை நண்டு வடிவ எந்திரம் ஒன்று துண்டுபோட்டு அப்புறப்படுத்துகிறது. உயிருக்கும் எந்திரத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பிறவிகளுக்கு நாவலில் 'பயோட்' என்று பெயர். மூன்று கால் சிலந்தி ஒன்றை மருத்துவர் லாரா எர்ன்ஸ்ட் அறுத்துப் பார்த்தபோது உள்ளே பெரும்பகுதி மின்கலம். பாக் ஒரு வேற்றுலகப் பூவைப் பறித்துக்கொண்டு, 500 மீட்டர் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதித்துத் தப்புகிறான். குறைந்த ஈர்ப்பு அவனைக் காப்பாற்றுகிறது.

புதன் கோளில் குடியேறிய மனிதர்கள் ராமா தங்கள் வாசலிலேயே தங்கிவிடுமோ என்று அஞ்சி ஓர் அணுகுண்டை அனுப்புகிறார்கள். நார்ட்டனின் துணை அதிகாரி போரிஸ் ரோட்ரிகோ அதன் கம்பிகளை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறார். புதனுக்கு ஒளி போய்ச்சேரப் பிடிக்கும் சில நிமிடங்களே அவருக்குக் கிடைத்த மறைப்பு. இறுதியில் பயோட்கள் கடலில் பாய்ந்து கரைகின்றன, விளக்குகள் அணைகின்றன. ராமா சூரியனிடம் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு பெரிய மெகல்லன் மேகத்தின் திசையில் போய்விடுகிறது. அதைச் செய்தவர்கள் ஒரு பக்கத்தில்கூட வருவதில்லை.

உருளையின் உள்ளமைப்பு

நாவலின் உண்மையான கதாபாத்திரம் இந்த உருளையே. படுக்கப் போட்ட கிணறு ஒன்றின் உட்சுவர் முழுவதும் ஊர்கள் இருந்தால் எப்படியோ, அப்படி: எந்த இடத்தில் நின்றாலும் அதுவே தரை, அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே தலைகீழாக இன்னொரு சமவெளி. உள் ஆரம் 8 கிலோமீட்டர். 4 நிமிடச் சுழற்சி அந்தத் தொலைவில் உண்டாக்கும் செயற்கை ஈர்ப்பு, பூமியின் ஈர்ப்பில் பாதிக்குச் சற்று மேல். நடுவச்சில் எடையே கிடையாது. ஆகவே வட முனையிலிருந்து ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் இறங்கும் மூன்று படிக்கட்டுகளில், முதல் படியில் மிதக்கும் மனிதன் கடைசிப் படியில் தன் எடையில் பாதிக்கு மேல் சுமக்கிறான்.

உருளையின் நடுவே 10 கிலோமீட்டர் அகலத்துக்கு வளையமாகச் சுற்றிக்கொண்டு ஒரு கடல். அதன் வடகரை 50 மீட்டர் உயரம், தென்கரை 500 மீட்டர். ஏன் இந்த வேறுபாடு? ஆய்வாளர்கள் தாமே கண்டுபிடிக்கிறார்கள்: கலம் வடக்கு நோக்கி முடுக்கப்படும்போது தண்ணீர் பின்வாங்கித் தென்கரையில் ஏறும், அதைத் தடுக்கவே உயர்ந்த மதில். அப்படியானால் ராமா வெறும் விண்மிதவை அல்ல, ஓட்டத் தெரிந்த கலம். என்ஜினைக் காணாமலேயே என்ஜின் உண்டு என்று நிறுவும் இந்த இடம், எந்தத் துப்பறியும் கதைக்கும் ஈடு கொடுக்கும்.

கட்டடத் தொகுதிகளுக்கு நார்ட்டனின் குழு பூமி நகரங்களின் பெயர்களையே வைக்கிறது. கடல் நடுவே தீவில் நியூயார்க்; வடபுறச் சமவெளியில் லண்டன், பாரிஸ், ரோம், மாஸ்கோ, டோக்கியோ, பீக்கிங். லண்டனின் ஒரு கட்டடத்தை வெட்டித் திறந்தால் உள்ளே பொருள்கள் இல்லை. பொருள்களின் முப்பரிமாணப் பிம்பங்கள் மட்டும். தேவைப்பட்டதைத் தேவைப்படும்போது வார்த்தெடுக்கும் கிடங்கு அது என்று ஊகிக்கிறார்கள். கதவு, படிக்கட்டு, கால், விளக்கு என எல்லாம் மூன்று மூன்றாக இருப்பதையும் கவனித்துவிடுகிறார்கள்.

வகைமை

துப்பறியும் கதையும் அறிவியல் புனைகதையும் ஒட்டாது என்ற எண்ணம் அறிவியல் புனைகதை இதழாசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பலிடம் இருந்தது; எதிர்காலக் கருவி ஒன்றை நுழைத்து முடிச்சை அவிழ்த்துவிடலாமே என்பது வாதம். ஐசக் அசிமோவ் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலை எழுதி அதை முறியடித்தார். 1953-இல் 'கேலக்ஸி' இதழில் தொடராக வந்த அந்தக் கதையில் கொலை உண்டு, துப்பறியும் எலைஜா பெய்லி உண்டு, துணைக்கு ஒரு ரோபோ உண்டு. இருபது ஆண்டு கழித்து அதே 'கேலக்ஸி' 1973 செப்டம்பர், அக்டோபர் இதழ்களில் ராமாவை வெளியிட்டது.

அசிமோவ் துப்பறியும் கதையை எதிர்காலத்துக்குக் கொண்டுபோனார். கிளார்க் துப்பறியும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்: கவனி, ஊகி, சோதி, தவறானால் கைவிடு. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு புதிர் அவிழ்கிறது, இன்னொன்று முடிச்சாக விழுகிறது. புரியாத பேருருவப் பொருளைச் சுற்றி எழுதப்படும் கதைகள் தனி வகையாக வளர்ந்தன; லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்' 1970-இலேயே வந்துவிட்டது. ஜேம்ஸ் பி. ஹோகனின் 'இன்ஹெரிட் தி ஸ்டார்ஸ்' 1977-இல் நிலவில் 50,000 ஆண்டுப் பழைய மனித உடலைக் கண்டெடுத்து, இதே முறையில் விசாரித்தது. வேற்றுலகம் மனித அறிவுக்கு எட்டாது என்ற கருத்தில் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம்மின் 'சோலாரிஸ்' 1961-லேயே முந்திக்கொண்டது. ஆனால் அதில் துக்கம் மிகுதி, ராமாவில் வியப்பு மிகுதி.

விருதுகளும் மதிப்பீடும்

ஹியூகோ, நெபுலா, லோகஸ், ஜூபிட்டர், பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைச் சங்க விருது ஆகியவற்றை நாவல் வென்றது. ஜான் டபிள்யூ. கேம்பல் நினைவு விருதை ராபர்ட் மெர்லின் 'மலவில்' நாவலோடு பகிர்ந்துகொண்டது.

பாத்திரங்கள் தட்டையானவை, பெண்களைப் பற்றிய சில வரிகள் அக்காலத்துக்கே பின்தங்கியவை என்ற குறைகள் தொடர்ந்து சொல்லப்படுகின்றன. முதலாவது உண்மையே, ஆனால் புதிரை மையமாகக் கொண்ட நாவலில் அது பெருங்குறை ஆகாது. இரண்டாவதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

தாக்கம்

நாவல் வந்த மறு ஆண்டு, 1974-இல், இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் ராமாவைப் போன்றே சுழலும் உருளைக் குடியிருப்புகள் பற்றிய தம் திட்டத்தை வெளியிட்டார். 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தின் முடிவில் வரும் உருளை நிலையம் அந்த வழியில் வந்தது. பூமியை நெருங்கும் சிறுகோள்களைத் தேடும் திட்டத்துக்கான 1992-ஆம் ஆண்டு நாசா அறிக்கை, 'ஸ்பேஸ்கார்ட்' என்ற பெயரையே நாவலிலிருந்து எடுத்துக்கொண்டது. கற்பனைப் பெயர் ஒன்று அரசுக் கோப்பில் ஏறிய அபூர்வ நிகழ்வு இது.

2017 அக்டோபர் 19 அன்று ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக அறியப்பட்ட முதல் பொருளைக் கண்டது. நீண்ட வடிவம், வந்த வேகத்தில் வெளியேறும் பாதை. ராமா என்றே பெயரிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஹவாய் மொழியில் 'ஓமுவாமுவா' என்று வைத்தார்கள். அது வேற்றுலகக் கருவியாக இருக்கலாம் என்று ஹார்வர்டு வானியலாளர் ஏவி லோப் வாதிட்டாலும், அது இயற்கைப் பொருளே என்பதே பெரும்பாலான வானியலாளர்களின் முடிவு. 2019-இல் போரிசோவ், 2025-இல் 3ஐ/அட்லஸ் என மேலும் இரண்டு விருந்தாளிகள் வந்துபோயின.

தொடர்ச்சிகளும் பிற வடிவங்களும்

நாவலின் கடைசி வாக்கியம் அடுத்த பாகத்துக்குக் கதவு திறப்பதுபோல இருந்தாலும், கடைசித் திருத்தத்தின்போது பிற்சேர்க்கையாக எழுதியதே அது என்று கிளார்க் விளக்கினார். எனினும் நாசா பொறியாளர் ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து 'ராமா II' (1989), 'தி கார்டன் ஆஃப் ராமா' (1991), 'ராமா ரிவீல்டு' (1993) ஆகியவற்றை வெளியிட்டார். மூலநூல் கவனமாகக் காத்த ரகசியத்தை இவை பேசித் தீர்த்துவிடுகின்றன. 1984-லும் 1996-லும் கணினி விளையாட்டுகள் வந்தன. கிளார்க் 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமானார். நாவலைத் திரைப்படமாக்க நடிகர் மார்கன் ஃப்ரீமன் நீண்ட காலம் முயன்றார். டெனி வில்நெவ் இயக்குவார் என்று 2021 டிசம்பரில் அறிவிப்பு வெளியானது.