அருகில் கல்லூரி, தொலைவில் வாசல்: காரைக்கால் அரசுப் பள்ளி மாணவரும் உயர்கல்வி நிறுவனங்களும்

காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, 2,00,222. இந்தச் சிறு பரப்புக்குள் 1987-இல் தொடங்கிய பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.டி.) இருக்கிறது. ஜிப்மரின் கிளை, புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை வளாகம், ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம், வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் எல்லாம் உண்டு. சம்பந்தர் பாடிய தெளிச்சேரிக் கோயில் இருக்கும் கோவில்பத்தில், அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவிக்கு இவற்றில் எதுவும் அரை நாள் பயணம்கூட இல்லை. இந்த அருகாமை ஏன் தானாகவே படிப்பாக மாறுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அறிவியல் ஆர்வத்தை மூட்டுவதில் காட்டும் உழைப்பில் பாதியையாவது சேர்க்கைக்கான வழியைக் காட்டுவதில் உயர்கல்வி நிறுவனங்கள் செலவிட வேண்டும் என்பது என் வாதம்.

பள்ளிகளை நாடி வரும் திட்டங்களில் நமக்குப் பழகியவை ஆய்வகத் திறந்தநாள், கண்காட்சி, சிறப்புரை ஆகியவை. மாணவர்க்கு அறிவியல் அலுப்பூட்டுகிறது, ஆகவே வியப்பூட்ட வேண்டும் என்ற அனுமானம் இவற்றின் அடியில் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-இல் தொடங்கிய ‘ஆஸ்பயர்ஸ்’ ஆய்வு இதை அசைத்தது. 10 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிவியல் வகுப்பு பிடிக்கிறது என்றே சொன்னார்கள். விஞ்ஞானியாக விரும்பியவர்களோ நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். வீட்டிலோ உறவிலோ அத்துறையில் ஒருவர்கூட இல்லாத பிள்ளை, பிடித்த பாடத்தையும் ‘நமக்கானதில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறது. ஆர்ச்சர் குழு இந்தக் குறையை ‘அறிவியல் மூலதனம்’ இல்லாமை என்கிறது. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளின் வீடுகளில் கடலைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவை ஒரு பட்டப்படிப்போடு இணைத்துச் சொல்ல ஆளில்லை.

வழி தெரியாமை என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். என்.ஐ.டி.யின் இடங்களில் பாதி உள்மாநில ஒதுக்கீட்டுக்கு உரியவை. பிளஸ் டூ தேர்வை எங்கே எழுதினோம் என்பதே அதற்கான தகுதியைத் தீர்மானிக்கிறது. ஆக, கோவில்பத்தில் பிளஸ் டூ முடிப்பதே ஒரு சொத்து. ஆனால் கட்டணப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் கல்விக் கட்டணம். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைவானால் அந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு வருமானம் எதுவானாலும் முழுத் தள்ளுபடி. இந்த விதிகளை வாசிக்கும் முன்பே பெரும்பாலான பெற்றோர் பக்கத்தை மூடியிருப்பார்கள். அடுத்தது சான்றிதழ். உள்ளூர்ச் சேர்க்கைக்குப் போதுமான சாதிச் சான்று இங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதிபடைத்தோர் பிரிவில் வராதவர் என்ற குறிப்போடு, அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு தாலுகா அலுவலகம் வழங்கிய ஓ.பி.சி. சான்று வேண்டும். மதிப்பெண் கைவந்தும் ஒரு தேதியில் இடம் கைநழுவலாம். எந்த அறிவியல் கண்காட்சியிலும் இந்தப் படிவத்துக்கு ஒரு மேசை போடப்படுவதில்லை.

இது சில்லறை நிர்வாக விஷயம் என்று ஒதுக்குவோர்க்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் பதில் சொல்லும். நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்க்கு, ‘இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக்கும் கட்டணம் இல்லை’ என்று உறுதி கூறும் கடிதத்தை அப்பல்கலைக்கழகம் அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பித்திருந்தாலே அந்தச் சலுகை கிடைத்திருக்கும்; கடிதம் புதிதாகத் தந்தது நிச்சயத்தை மட்டுமே. சூசன் டைனார்ஸ்கி குழு 2021-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, விண்ணப்பித்தோர் 26 விழுக்காட்டிலிருந்து 68 ஆகவும், சேர்ந்தோர் 12-இலிருந்து 27 ஆகவும் உயர்ந்தனர். அவர்களுக்கு யாரும் ராக்கெட் மாதிரி காட்டவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மிச்சிகன் கடிதம் ஏற்கெனவே தேறியவர்களுக்குப் போனது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.யின் கணக்கே மலைப்பாக இருக்கும்போது கடிதம் என்ன செய்யும்? மறுப்பில் பாதி நியாயம். அதனால்தான் திருச்சி என்.ஐ.டி. மாணவர்களின் ‘இக்னைட்’ குழு போன்றவற்றை நான் கண்காட்சிகளுக்கு மேலே வைக்கிறேன். அவர்கள் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொடர்ந்து நுழைவுத் தேர்வுப் பாடம் நடத்துகிறார்கள், அவர்களிடம் படித்தவர்கள் என்.ஐ.டி.களில் சேர்ந்திருக்கிறார்கள். இத்தகைய முயற்சியின் பலவீனமும் வெளிப்படை. தொண்டர்கள் நான்கு ஆண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். பள்ளியின் கணித, இயற்பியல் ஆசிரியர்களை உடன் சேர்க்காத முயற்சி தொண்டர்களோடு ஊரைவிட்டுப் போகும். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழை 1987 முதல் நடத்த முடிந்ததில் ஆசிரியர்களின் பங்கு சிறியதல்ல.

திருச்சியைச் சொல்லும்போது எல்லையையும் சொல்ல வேண்டும்; காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. அங்குள்ள அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் அதன் நீட்டிப்பு, 2022-இல் ‘நான் முதல்வன்’ வழிகாட்டித் திட்டம், ‘வானவில் மன்றம்’ அறிவியல் செய்முறைத் திட்டம் என்று வரிசையாகக் கிடைத்தன. ஒரே பேச்சு, ஒரே மீன்பிடித் தொழில். ஆனால் இந்தப் பட்டியலில் எதுவும் காரைக்கால் பிள்ளைக்கு இல்லை. புதுச்சேரி தன் அரசுப் பள்ளியினர்க்கு மருத்துவத்தில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2023-இல்தான் கொண்டுவந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் கைவிடப்பட்டு சி.பி.எஸ்.இ. வந்தது. ஜே.இ.இ.க்கும் பள்ளிக்கும் இப்போது பாடநூல் ஏறக்குறைய ஒன்று என்பது லாபம். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலுக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளும் காணொளிகளும் இனி அப்படியே பொருந்தா. தமிழக அரசு செய்யும் என்று காத்திருக்க முடியாத நிலத்தில், உள்ளூர் நிறுவனங்களின் பொறுப்பு நாகப்பட்டினத்தில் இருப்பதைவிடக் கனமானது.

அறிவியல் வேலை என்றால் டாக்டர், இன்ஜினீயர் என்று நின்றுவிடுவதும் இந்நிறுவனங்கள் மாற்றக்கூடிய ஒன்று. புயல் நாளில் ஊரே காரைக்கால் ரேடாரின் படத்தைப் பார்க்கிறது. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு, இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. பட்டத்தோடு பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதலாம் என்பதை அப்போது யாரும் சொல்வதில்லை. ரேடார் நிலையப் பணியாளர் ஒருவர் பதினோராம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பேசினாலே பயன் உண்டு.

கடைசியாக நாட்காட்டி. கல்லூரிகளின் பள்ளி நிகழ்ச்சிகள் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளை ஒட்டிக் குவிகின்றன. அதற்குள் ஜே.இ.இ. முதல் அமர்வு ஜனவரியில் முடிந்துவிடும், பிளஸ் டூ மாணவர் பொதுத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பினர்க்கு அந்த நாள் இருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பினர்க்கான வேலை அக்டோபரில், விண்ணப்பம் திறக்கும் காலத்தில், பள்ளியின் கணினி அறையில் ஒரு கல்லூரிக் குழுவோடு தொடங்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் அதே குழு அவர்களோடு தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டும்.